மார் கிரீஸ் தூரும் முன்

சுரினாம்,
4 செப்டம்பர் 1949

தனராஜ் அவர்களுக்கு, சிவகாமி எழுதுவது.

"அன்புள்ள" என்று தொடங்கப் பார்த்தேன், பேனா மறுத்துவிட்டது. கோபம் தணிந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் விநாயகம் அண்ணன் வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "கரும்பு வெட்டு முடிஞ்சதும் நம்ம வண்டிக்கு வேற வேலை இருக்கு. மார் கிரீஸ் ஏரியில கல்லு கொட்டித் தூர்க்கப் போறாங்க." எதற்காக, யார் சொல்லி என்று கேட்டேன். அண்ணன் மாட்டின் முதுகைத் தடவினார். பிறகு, "உனக்குத் தெரியும்னு நினைச்சேன். மலேரியா ஆபீஸ்ல உன் புருஷன்தான் கேட்டு எழுதினாராம். தோட்டத்து மேனேஜர் சொன்னாரு" என்றார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஏரியில் கொட்டப்போகும் கல்லை என் அண்ணன் வண்டியே சுமக்கப் போகிறது. எனக்கு மட்டும் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

ஜூன் மாதம் நீங்கள் மலேரியா ஆபீஸ் வேலைக்கென்று நம் தீவின் மேட்டுப் பக்கம் பீனிக்ஸுக்குப் புறப்பட்ட அன்று என் கோணிப்பையை வாசலில் கவிழ்த்துக் கொட்டினீர்கள். "பிள்ளையக் கொன்ன தண்ணியில போய் எலும்பு பொறுக்குறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்றீர்கள். பக்கத்து வீட்டு ஜோசெட் வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் உங்களோடு ரயில் ஏறவில்லை. கொட்டிய எலும்புகளை அன்றைக்கே பொறுக்கி, கழுவி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒன்றே ஒன்று உடைந்திருந்தது.

நாம் வாயால் பேசுவது கிரியோல். அதில் சண்டை போட்டாயிற்று. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். வரும் கடிதமெல்லாம் கொலெட் கடையில்தான் கிடக்கும், பிரெஞ்சு எழுத்தென்றால் அவளோடு சேர்ந்து ஊரே படித்துவிடும். கோவில் வகுப்பில் அப்பா காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த எழுத்து, புருஷனைத் திட்டவாவது பயன்படட்டும்.

ஏரியைத் தூர்க்கக் கூடாது. நான் இன்னும் அங்கே தேடி முடிக்கவில்லை.

சிவகாமி

பீனிக்ஸில் குளிர் அதிகம் என்கிறார்கள். உங்கள் கம்பளிச் சட்டை பெட்டிக்கு அடியில் வேட்டிகளுக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் தேடியிருக்க மாட்டீர்கள்.


பீனிக்ஸ்,
9 செப்டம்பர் 1949

அன்புள்ள சிவகாமிக்கு,

நீ விட்டிருந்த இடத்தில் நானே "அன்புள்ள" என்று எழுதிக்கொண்டேன். கம்பளிச் சட்டை கிடைத்தது. இத்தனை நாள் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

உன்னைப் போல எனக்குத் தமிழ் எழுத வராது. உன் அப்பாவின் வகுப்பில் நான் கடைசி வரிசை. முன் வரிசையில் தெரிந்த உன் பின்னலைத்தான் படித்தேனே தவிர, பலகையைப் படிக்கவில்லை. பிழை இருந்தால் திருத்திக்கொள்.

ஆமாம், நான்தான் கேட்டேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கிழித்தேன்.

இங்கே வேலை இப்படி. காலையில் மருந்துத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு நானும் என் குழுவில் நாலு பேரும் கிளம்புகிறோம். வீடு வீடாகப் போய் உள்சுவர் முழுக்க டி.டி.டி. அடிக்கிறோம். கொசு அந்தச் சுவரில் உட்கார்ந்தால் செத்துவிடும். போன வாரம் ஓர் அம்மாள் கதவில் குறுக்கே நின்றுகொண்டார். "சாமி படத்துல, புடவையில எல்லாம் வெள்ளை வெள்ளையாப் படியும், உள்ள வராதே" என்றார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. எங்கள் குழுவின் தெனி சட்டம் பேசப் போனான். நான் அவனை நிறுத்திவிட்டு அந்த அம்மாளிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். அவர் வழி விட்டார். என்ன சொன்னேன் என்பதை உனக்கு எழுத முடியவில்லை. உனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் எங்கெங்கே தேங்கிய தண்ணீர் இருக்கிறது, எதையெதைத் தூர்க்கலாம் என்று கேட்டார்கள். என் கை எழுதிய முதல் பெயர் மார் கிரீஸ். யோசித்து எழுதவில்லை. கோடையில் அந்தி நேரத்தில் அங்கிருந்து எழும்பும் கொசு எத்தனை வீட்டுக்குள் போகிறது என்று உனக்குத் தெரியாதா?

பையைக் கொட்டியது தப்பு. கேட்ட கேள்வி அதைவிடத் தப்பு. அதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆனால் ஏரியைத் தூர்த்தே ஆக வேண்டும், சிவகாமி. அதில் நான் பின்வாங்க மாட்டேன்.

இத்துடன் மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை அனுப்புகிறேன். ஞாயிறுதோறும் போட்டுக்கொள். வெயில் தாழ்வதற்குள் கரையை விட்டு வந்துவிடு. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தனலட்சுமி அம்மாள் நல்ல மாதிரி, தினமும் "உங்க வீட்டுக்காரம்மா எப்ப வராங்க?" என்று கேட்கிறார். கரும்பு வெட்டு முடிந்ததும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் ஆகாமல் பார்த்துக்கொள்.

தனராஜ்


சுரினாம்,
18 செப்டம்பர் 1949

அன்புள்ள உங்களுக்கு,

பேனா இந்தத் தடவை மறுக்கவில்லை. எழுத்துப் பிழை நிறைய இருந்தது. திருத்தவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்று வாசலில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் கண்ணம்மா காய்ச்சலில் போன பிறகு நான் அந்த ஏரிக்குப் போனது எலும்பு பொறுக்க இல்லை. திட்டப் போனேன். கரையில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன், கையில் கிடைத்ததையெல்லாம் தண்ணீரில் எறிந்தேன். அப்படி எறியக் குனிந்து எடுத்ததில் ஒன்று கல் இல்லை. கறுப்பாக, கல்லைப் போலக் கனமாக, ஆனால் ஒரு முனையில் உருண்டு பளபளவென்றிருந்தது. எறியக் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினேன். எலும்பு. மாடு இல்லை, மான் இல்லை, பன்றி இல்லை. மறுநாள் மறுபடியும் போனேன். நாள்கணக்கில் அவள் நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்ட கை இது. பிறகு போடுவதற்கு நெற்றி இல்லை. இந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. மனசு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருந்ததால்தான் போனேன்.

இப்போது பார்த்தால் உங்களுக்கு மார் கிரீஸை அடையாளம் தெரியாது. மழை இல்லாமல் தண்ணீர் கிழக்கே ஆழமான பக்கம் ஒதுங்கிவிட்டது. மேற்குக் கரையில் அகலமாகச் சேறு வெளியே வந்திருக்கிறது. மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, உள்ளே கூழாக இருக்கிறது. கண்ணால் தேடிப் பயன் இல்லை, வேரும் எலும்பும் ஒரே கறுப்பு. காலால் தேட வேண்டும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெதுவாகக் கால் மாற்றி மாற்றி நிற்பேன். வேராக இருந்தால் பாதத்துக்குக் கீழே வளைந்துகொடுக்கும். கல் குத்தும். எலும்பு வழுவழுப்பாக, அசையாமல் நிற்கும். அதன்பிறகு கையை விட்டுச் சுற்றிலும் தோண்டி எடுக்க வேண்டும். இழுத்தால் ஒடிந்துவிடும். ஜோசெட் கரையில் கீரை பறிக்க வருவாள், கூடவே அவள் மகள் அனியும். என்னைப் பார்த்து, "சிவா கொக்கு மாதிரி நிக்கிறா, மீன்தான் சிக்க மாட்டேங்குது" என்று அம்மாவும் மகளும் சிரிப்பார்கள்.

கிடைத்ததில் பெரும்பாலும் ஆமை. நாம் பார்க்கும் ஆமை இல்லை, மேலே ஒரு ஆள் உட்காரலாம் போன்ற ஓடு. இனம் தெரியாத மற்ற எலும்புகளைப் பழந்துணியில் சுற்றி, போன மாதம் போர்ட் லூயி மியூசியத்துக்குக் கொண்டுபோனேன். உங்களிடம் சொல்லவில்லை. பார்த்தீர்களா, நானும் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அங்கே பொறுப்பாளர் மிஸியே ஜில்பெர் என்று ஒருவர். முதலில் மூட்டையோடு நின்ற என்னை ஏதோ முட்டை விற்க வந்தவளைப் போலத்தான் பார்த்தார். பிறகு ஒரு கால் எலும்பை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "டோடோ, மாதாம்" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார், யாரோ தூங்குவது போல. நம் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. கப்பலில் வந்தவர்கள் வந்த நூறு வருஷத்துக்குள் ஒன்று விடாமல் தீர்த்துவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவரே இங்கே வந்து கரையைப் பார்த்தார். இதுவரை கிடைத்ததெல்லாம் பல பறவைகளின் உதிரி எலும்புகளாம். ஒரே பறவை, மூட்டோடு மூட்டு சேர்ந்தபடி கிடைத்தால் அது மிக மிக அபூர்வம் என்கிறார். என் கரையில் அதற்கு வாய்ப்பு உண்டாம்.

தூர்க்கவே கூடாது என்று இனிச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியது எனக்குப் புரிகிறது. மழை வரைக்கும் விடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சிவகாமி


பீனிக்ஸ்,
27 செப்டம்பர் 1949

அன்புள்ள சிவகாமி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப்போல உட்கார்ந்திருந்தேன். தனலட்சுமி அம்மாள் கதவைத் தட்டி, "ஊர்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே, தம்பி?" என்று கேட்டார். நீ திட்டப் போனாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானும் கூட வந்திருப்பேன். இருவரும் சேர்ந்து எறிந்திருக்கலாம்.

பிள்ளை போன பிறகு நான் அந்தப் பக்கமே நடக்கவில்லை. பக்கத்து ஊர் சூயாக்குக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். நீ தினமும் அங்கே போனபோது, உனக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். எனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மழை வரைக்கும் என்கிறாய். மழைக்குப் பிறகு கல் கொட்டினால், மழையோடு சேர்ந்தே வரும் இந்தக் கோடை வீணாகிவிடும். மழை விழுந்த உடனே முட்டை, முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கொசு. தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் யார் வீட்டுப் பிள்ளையோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன் பறவை செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அதற்கு அவசரம் இல்லை. கோபப்படாதே. மனதில் பட்டதை எழுதினேன்.

ஆனாலும் எங்கள் ஆபீஸ் பெரியவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். உடனே முடியாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். கேட்கிறேன்.

நேற்று நானே சோறு வடித்தேன். அடியில் கரி, நடுவில் அரிசி, மேலே கஞ்சி. தெனி ஒரு வாய் வைத்துவிட்டு, "மிஸியே தனராஜ், இதைச் சுவர்ல அடிச்சா டி.டி.டி. வேண்டாம்" என்கிறான். துவைத்த துணி இந்த ஊரில் காய்வதே இல்லை. ஈரச் சட்டையோடு உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தனராஜ்


சுரினாம்,
10 அக்டோபர் 1949

அன்புள்ளவருக்கு,

ஏரியை உடனே தூர்க்கச் சொல்லுங்கள். மழை வரை வேண்டாம். நான் கேட்டதை விட்டுவிடுங்கள்.

அனிக்குக் காய்ச்சல். ஜோசெட்டின் மகளுக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் குளிர் கண்டது. வீட்டில் இருக்கிற போர்வையெல்லாம் போட்டும் பல் அடித்துக்கொண்டது. பிறகு கொதித்தது. பிறகு வேர்த்து ஊற்றியது. அந்த வரிசை எனக்குத் தெரியாதா? நீங்கள் அனுப்பிய கொய்னாவைப் பொடித்து நானே கொடுத்தேன். சூயாக்கிலிருந்து டாக்டரும் வந்து பார்த்தார். இன்றைக்கு மறுபடியும் குளிர் வந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றுகிறேன். கை தானாகச் செய்கிறது. பார்க்க முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

நான் கரையில் நிற்கும்போதுதானே அந்தக் குழந்தையும் என்னோடு நின்றது. வெயில் தாழ்வதற்குள் வந்துவிடு என்று நீங்கள் எழுதினீர்கள். சில நாள் தாழ்ந்த பிறகும் நின்றேன். கால் எதிலோ பட்டிருக்கும், அதை விட்டு வர மனசு வராது. அவளும் "எடுத்துட்டுப் போலாம், இன்னும் கொஞ்சம்தான்" என்பாள்.

இதை ஜோசெட்டிடம் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டே, "காய்ச்சல் உன்னைக் கேட்டா வருது? எலும்பு கிடக்கட்டும், சிவா. கல்லைப் போட்டு மூடினா அது எங்கே ஓடிடப் போகுது? அங்கேயேதான் இருக்கும்" என்றாள்.

அவள் சொல்வது சரி. இவ்வளவு நாள் இருந்தது இனியும் இருக்கும். அனி அப்படி இல்லை.

சிவகாமி


பீனிக்ஸ்,
10 அக்டோபர் 1949

என் காமிக்கு,

நல்ல செய்தி. இதைப் படிக்கும்போது நீ சிரிப்பதைப் பார்க்க நான் அங்கே இல்லையே என்றுதான் வருத்தம்.

பெரியவரிடம் பேசினேன். முதல் தடவை முடியாது என்றார். இரண்டாம் தடவை உன் டோடோவைப் பற்றிச் சொன்னேன். மிஸியே ஜில்பெர் வந்து பார்த்ததையும் சொன்னேன். நம்ப மாட்டாய், அந்த மனிதர் சின்ன வயதில் கிளிஞ்சல் சேர்த்தவராம்! அரை மணி நேரம் கிளிஞ்சலைப் பற்றியே பேசினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் டிசம்பர் வரைக்கும் மார் கிரீஸைத் தொட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு முழு சம்மதம் என்று சொல்ல முடியாது. ஆனால் நீ என்னிடம் ஒன்று கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. அதனால் கேட்டேன்.

சந்தோஷம்தானே?

உன் தனராஜ்


பீனிக்ஸ்,
13 அக்டோபர் 1949

காமி,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிவிட்டன. நான் சந்தோஷம்தானே என்று கேட்டது உன் கைக்குக் கிடைத்த நேரத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அதைக் கிழித்துப் போடு.

பெரியவரிடம் திரும்பப் போனேன். அனிக்குக் காய்ச்சல் என்றதும், உடனே தூர்க்க ஆரம்பிக்கலாம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். நான் ஒன்றுதான் கேட்டேன். ஆழமான கிழக்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்கிறது, கொசு அங்கேதான், கல் அங்கிருந்து தொடங்கட்டும் என்றேன். உன் மேற்குக் கரையில் தண்ணீர் இல்லை. அது கடைசியில் மூடப்படும். அண்ணன் வண்டியும் மற்ற வண்டிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல் அடிக்கும், மற்ற நாள் கரும்பு. அதுவரை தண்ணீர் மேல் எண்ணெய் ஊற்றி வைப்போம், புழு செத்துவிடும்.

சனிக்கிழமை ரயிலில் நானும் தெனியும் வருகிறோம். ஜோசெட் வீட்டுக்கும் அந்தத் தெரு முழுக்கவும் மருந்து அடிக்க வேண்டும். மாத்திரையும் கொண்டுவருகிறேன். அனியிடம் சொல், முதுகில் தகரத் தொட்டி கட்டிக்கொண்டு ஒரு மாமா வருகிறார், அவர் வந்தால் கொசுவுக்குத்தான் ஊசி, அவளுக்கு இல்லை என்று.

நீ காரணம் இல்லை. ஜோசெட் சொன்னதை நம்பு. நான் சொல்வதையும் நம்பு. அந்தத் தெருவில் எந்த வீட்டில் இல்லை காய்ச்சல்?

தனராஜ்


சுரினாம்,
7 நவம்பர் 1949

என் அன்பானவருக்கு,

நாலு ஞாயிறு நீங்கள் வந்துபோய்விட்டீர்கள். நேற்றுச் சாயங்காலம் ஸ்டேஷனில் உங்களிடம் நிறையச் சொல்ல இருந்தது. நேரில் சொன்னால் பேச்சை மாற்றி மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அனி. இன்று காலை வேலியில் தொங்கிக்கொண்டு, "தொட்டி மாமா போயிட்டாரா?" என்று கேட்டாள். இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறாள், ஆனால் குளிர் அதற்குப் பிறகு வரவில்லை. சோற்றுக்குத் தக்காளி ரூகாய் கேட்டுச் சாப்பிடுகிறாள். ஜோசெட் உங்களுக்காக மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினாளாம். நானும் நம் கோவிலில் தேங்காய் உடைத்தேன். இரண்டு பக்கமும் சொல்லி வைத்தாயிற்று.

முதல் ஞாயிறு நீங்கள் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றவே இல்லை. கிழக்குப் பக்கம் எண்ணெய் ஊற்றினீர்கள், வண்டிக்காரர்களுக்கு இடம் காட்டினீர்கள், தெனியை அதட்டினீர்கள். மேற்குக் கரைக்கு முதுகு காட்டியே நின்றீர்கள். நான் கூப்பிடவில்லை. இரண்டாம் ஞாயிறு மத்தியானம் நான் சேற்றில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் சளக் என்று ஒரு சத்தம். திரும்பினால் நீங்கள், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு. "என்ன செய்யணும்?" என்றீர்கள். "மெதுவா நடங்க. வழுவழுன்னு ஏதாவது பட்டா நில்லுங்க" என்றேன். "எல்லாமே வழுவழுன்னுதான் இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் விழுந்தீர்கள். நான் சிரித்தேன். கண்ணம்மா போன பிறகு நான் அப்படிச் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் கேட்டதில்லை.

நேற்று அந்தப் பறவை கிடைத்ததை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை, நீங்களும்தானே கை வைத்தீர்கள். ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. என் காலில் பட்டது இடுப்பு எலும்பு. அதிலிருந்து தொடை, தொடையிலிருந்து முழங்கால், கீழே பாதத்தின் விரல்கள்வரை, ஒன்றும் விலகாமல், உட்கார்ந்தபடி. தண்ணீர் குடிக்க வந்து சேற்றில் மாட்டியிருக்கும் என்றார் நேற்று கரைக்கு வந்திருந்த மிஸியே ஜில்பெர். அந்த நல்ல கால்சட்டையோடு அவர் சேற்றில் மண்டியிட்டதைப் பார்த்தீர்களே. "மாதாம், மாதாம்" என்பதைத் தவிர வேறு பேச்சே அவருக்கு வரவில்லை. தலை கிடைக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. என் கலியாணப் புடவைக்கு அடுத்த நல்ல புடவையில் சுற்றிக் கொடுத்தேன், புடவை திரும்பி வராது என்று நினைக்கிறேன்.

இனிச் சொல்ல வந்தது.

எல்லோரும் பறவையைச் சுற்றி நின்றபோது நீங்கள் கொஞ்சம் தள்ளித் தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். பெரிய ஆமை ஓட்டுக்குக் கீழே கையை விட்டு ஏதோ எடுத்தீர்கள். உள்ளங்கை அளவு ஓடு. ஆமைக் குஞ்சு. அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தீர்கள். தோள் ஆடியது. பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து முகம் கழுவினீர்கள். அந்தச் சேற்றுத் தண்ணீரில் யார் முகம் கழுவுவார்கள்? நான் கிட்டே வரவில்லை. கண்ணம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு நீங்கள் ஆண்களுக்கு நாற்காலி போட்டீர்கள், காப்பி கொடுத்தீர்கள், வந்தவர்களை வழியனுப்பினீர்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதற்காக நான் உங்கள்மேல் ஒரு வருஷத்துக்கு மேலாகக் கோபமாக இருந்திருக்கிறேன். நேற்றுத்தான் அது எனக்கே தெரிந்தது. நேற்றோடு போய்விட்டது.

மிஸியே ஜில்பெர் அந்த ஆமைக் குஞ்சையும் கேட்டார். எல்லோரிடமும் பணிவாகப் பேசும் நீங்கள் அவரிடம், "இது வேண்டாம் மிஸியே. இது இங்கேயே இருக்கட்டும்" என்றீர்கள். அவர் படித்தவர். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னார். நாம் இருவரும் அதைப் பெரிய ஓட்டுக்குக் கீழேயே திரும்ப வைத்தோம். உங்கள் கை என் கைமேல் இருந்தது. அந்த இடத்தில் கல் விழுவதைப் பற்றி இனி எனக்கு ஒன்றும் இல்லை.

மேற்குக் கரையில் அண்ணன் கடைசி வண்டியைக் கொட்டியதும் பெட்டியைக் கட்டிவிடுவேன். தனலட்சுமி அம்மாளிடம் சொல்லி வையுங்கள். சோறு வடிக்க இனி முயற்சி செய்யாதீர்கள்.

காமி


சுரினாம்,
16 ஏப்ரல் 1950

என் காமிக்கு,

இந்தத் தடவை நான் சுரினாமில், நீ பீனிக்ஸில். கடிதம் எழுத மேசையில் உட்கார்ந்ததும் விநாயகம் அண்ணன், "நாளான்னிக்கு வீட்டுக்குப் போறவனுக்கு எதுக்குக் கடுதாசி?" என்கிறார். எழுத வேண்டும் போல இருக்கிறது, எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விரலில் குத்தி ரத்தம் எடுக்கும் வேலை முடிந்தது. முதல் வகுப்பில் ஒருவன் அழ ஆரம்பித்ததும் வகுப்பே சேர்ந்து அழுதது. அனி முன்னால் வந்து, "எனக்குக் குத்துங்க, நான் காட்டுறேன்" என்று கையை நீட்டினாள். அதன்பிறகு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ரத்தத்தைப் போர்ட் லூயியில்தான் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்த டாக்டர், போன வருஷம்போல மலேரியாவால் மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் இல்லை என்றார்.

நேற்று மார் கிரீஸுக்குப் போனேன். நேர் வழியாகத்தான் போனேன். கல்லின் மேல் மண் போட்டு மட்டமாக்கியிருக்கிறார்கள். மழைக்குப் புல் முளைத்துவிட்டது. பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். மேற்குக் கரை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணம்மாவிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று வந்து சொல்கிறேன்.

ஜோசெட் உன்னைக் கேட்டாள். பீனிக்ஸ் பக்கம் ஓடையிலும் நீ கால் வைத்துத் தேடுகிறாய் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். மிஸியே ஜில்பெர் உனக்கு மாதம் ஒரு தடவை கடிதம் போடுகிறார் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்படியா!" என்றாள்.

திரும்பும் வழியில் தச்சன் ரோபெர் கடை. கண்ணம்மாவுக்குச் சவப்பெட்டி செய்தவன். இத்தனை நாள் அவனைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன், அவனும் அப்படித்தான். நேற்று அவன் கூப்பிட்டான். உள்ளே போனேன். மூலையில் சின்னச் சின்னப் பலகைகள், இழைத்து, அடுக்கி, தூசி படிந்து கிடந்தன. நான் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"ஒவ்வொரு கோடைக்கும் முன்னாடியே இந்த அளவுல கொஞ்சம் அறுத்து வச்சுடுவேன், தனராஜ். கேக்கறப்ப ஓட முடியாதே. இந்தக் கோடையில யாருமே வரல. ஒருத்தர்கூட வரல."

அதைச் சொன்னபோது அவன் முகம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தப் பலகைகளை எனக்குக் கொடு என்று கேட்டேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தான். உன் எலும்புகளுக்கு ஒரு அலமாரி செய்யலாம். கட்டிலுக்கு அடியில் இனி இடம் இல்லை, ராத்திரியில் செருப்பைத் தேடினால் ஆமைதான் கையில் வருகிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்கால ரயில். கட்டு கொஞ்சம் கனம். ஸ்டேஷனுக்கு வா, ஒரு முனையை நீ பிடித்துக்கொள்.

உன் தனராஜ்